நுவரெலியாவில் இரண்டு டீன்கள்

நானுஓயாவில் ரயிலைவிட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், நடைமேடையிலேயே பெட்டியைத் திறந்து இன்னொரு சேலையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டதுதான். திருச்சியில் சித்திரை வெயிலில் புறப்பட்டவளுக்குச் சால்வை நினைவுக்கு வரவில்லை. வேன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொத தடவ வர்றீங்களாம்மா?"

ஆமாம் என்றேன்.

"இன்னைக்குக் குளிர் கம்மிதாங்க" என்று ஆறுதல் சொன்னார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அந்த ஆண்டுதான் என்னை டீன் ஆக்கியிருந்தார்கள். முதல்வருக்கு அடுத்த நாற்காலி. யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, யாரைத் தேர்வுக்கு அனுப்புவது எல்லாம் டீனின் மேசைக்கு வந்துதான் போகும். வரலாறு நடத்திக்கொண்டிருந்தவளுக்கு இந்த வேலையை யாரும் கற்றுத் தரவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் புதிதாக டீன் ஆனவர்களுக்கு நுவரெலியாவில் ஒரு கல்விச் சங்கம் முகாம் நடத்துகிறது என்று தெரிந்ததும், எங்கள் முதல்வர் என்னை அனுப்பிவைத்தார்.

முகாம் நடந்த இடம் வெள்ளைக்காரர் காலத்து ஹோட்டல். வாசலில் ரோஜாச் செடிகள், உள்ளே கணப்பு அடுப்பு. முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அவித்த உருளைக்கிழங்கு, அவித்த காரட், வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ் என்று ஒன்று, அதுவும் அவித்தது. நான் சைவம் என்று சொன்னதும் பரிமாறியவர் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போனார். ஊறுகாய் கேட்கக் கூச்சமாக இருந்தது.

என் அறையில் இன்னொரு பெண் இருந்தார். சுமனா விஜேரத்ன. கண்டியில் ஒரு தனியார் மகளிர் கல்லூரியின் டீன். என்னைவிட மூத்தவர். ஒல்லியான உருவம், கண்டிப் பெண்கள் கட்டும் வெள்ளை ஒசரிச் சேலை, அதிகம் பேசாத வாய். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். கூடுதலாக இருந்த கம்பளியை ஒன்றும் சொல்லாமல் என் கட்டிலில் போட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

மறுநாள் காலை வகுப்பு. நடத்தியவர் பெல் அம்மையார், ஓய்வு பெற்ற ஆங்கிலேயக் கல்லூரி முதல்வர். கரும்பலகை, விரிவுரை, ஒன்றும் கிடையாது. "டீனுக்கு ஆலோசனை சொல்ல ஊரே காத்திருக்கிறது. கேள்வி கேட்கத்தான் ஆளில்லை" என்றார். எங்களை இருவர் இருவராகப் பிரித்தார். ஒருவர் தன் கல்லூரியில் முடிவு எடுக்க முடியாமல் தவிக்கும் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேள்வி மட்டுமே கேட்கலாம். இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லக் கூடாது. ஒரே அறைக்காரர்கள் என்பதால் நானும் விஜேரத்னவும் ஒரு ஜோடி ஆனோம்.

தோட்டத்து நாற்காலிகளில் போய் உட்கார்ந்தோம். விடுதிச் சண்டை, தாமதமாக வரும் விரிவுரையாளர் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"எங்கள் கல்லூரியில் காமாட்சி என்று ஒரு மாணவி" என்று ஆரம்பித்தார். "அட்டன் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளியின் மகள். இறுதி ஆண்டு. கெட்டிக்காரி. அவளுக்குக் குடியுரிமை இல்லை."

அது எனக்குப் புரிந்தது. சுதந்திரம் வந்த கையோடு இலங்கையில் வந்த சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் போயிருந்தது. இந்தியாவும் அவர்களைத் தன் மக்களாக எழுதிக்கொள்ளவில்லை.

"கொழும்பில் யாரோ எங்கள் நிர்வாக சபைத் தலைவரிடம் கேட்டிருக்கிறார்கள், நாடற்ற பெண்ணை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று. அரசாங்க உதவி நின்றுவிடுமோ என்று சபைக்குப் பயம். இறுதித் தேர்வுக்கு அவள் பெயரை அனுப்பக் கூடாது என்கிறார்கள். பெயர்கள் இந்த வாரம் போக வேண்டும். நான் கையெழுத்துப் போட்டுத்தான் போகும்."

எனக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது வேறு. பயிற்சியின் விதியை நினைத்து அடக்கிக்கொண்டு கேட்டேன். "அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறதா?"

"இல்லை."

"பிறகு யார் சொல்வது?"

"பயம் சொல்கிறது."

"நீங்கள் என்ன முடிவு செய்திருக்கிறீர்கள்?"

விஜேரத்ன ரோஜாச் செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சபை சொல்வதைச் செய்ய. எனக்கு மேலே அவர்கள் இருக்கிறார்கள். இன்னும் நூற்றுக்கணக்கில் பெண்கள் படிக்கிறார்கள். ஒருத்திக்காகக் கல்லூரியை ஆபத்தில் விட முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. குத்த வேண்டும் என்றேதான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். "அந்தக் குடும்பத்துக்கு இதை நேரில் போய்ச் சொல்வீர்களா, தபாலில் அனுப்புவீர்களா?"

விஜேரத்ன செடியிலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினார். பிறகு, "நேரில்தான் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு அவள் வீட்டில்தான் இருக்கிறாள். நீங்கள் கூட வர வேண்டும். எனக்குத் தமிழ் தெரியாது" என்றார்.

குத்திய ஊசி என் கைக்கே திரும்பி வந்தது.

அடுத்த நாள் காலை பெல் அம்மையாரிடம் ஒரு நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு அட்டன் பஸ் ஏறினோம். பஸ்ஸில் கோழிக்கூடைகள், முட்டைக்கோஸ் மூட்டைகள், மழைக்குச் சாக்கைத் தலையில் மடித்துப் போட்ட பெண்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் மேகம். எங்கள் ஊரில் பஸ் கவிழ்ந்தால் வயலில் விழும். இங்கே எங்கே போய் விழும் என்று பார்க்கவே முடியவில்லை. தலவாக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பியது. எல்லோரையும் இறக்கிவிட்டு, ஓட்டுநர் தகரத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார்.

சாலையோரம் ஒரு முஸ்லிம் கடை. எல்லோரும் நானா என்று கூப்பிட்ட கடைக்காரர் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி தந்தார். விஜேரத்னவோடு சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இந்தியாதானே?"

"ஆமா."

"தோட்டத்துக்குள்ள போறதா இருந்தா தொரகிட்டச் சொல்லிட்டுப் போங்க. வெளிநாட்டு ஆளு தொழிலாளிங்க லயத்துப் பக்கம் போனாலே பொலிசுக்குச் சேதி போயிரும். யாருன்னு பாக்க மாட்டாங்க."

பஸ் மறுபடி கிளம்பியது. கைப்பையில் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அட்டனிலிருந்து வாடகைக் காரில் தோட்டத்துக்குப் போனோம். வாசலில் காவல்காரர் நிறுத்தினார். துரை, அதாவது தோட்ட மேலாளர், வெளியே போயிருக்கிறார் என்றார். விஜேரத்ன தான் யார் என்று சிங்களத்தில் சொன்னார். அவரை மட்டும் போகச் சொல்லி, என்னைத் தடுத்தார் காவல்காரர். "இவர் இல்லாமல் நான் போக முடியாது" என்று விஜேரத்ன சொன்னதும் கொஞ்சம் தயங்கி, சீக்கிரம் திரும்பிவிடச் சொல்லி வாசல் தடுப்புக் கம்பை உயர்த்தினார்.

லயம் என்பது நீளமான ஒரே கூரை. அதன் கீழ் பக்கத்துப் பக்கத்தில் ஒற்றை அறை வீடுகள். காமாட்சியின் வீட்டில் அப்பா ரெங்கசாமி இருந்தார். தேயிலை ஸ்டோர் என்ற ஆலையில் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த முகம். அம்மா வீராயி கொழுந்து எடுத்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். ஒரே நாற்காலியை விஜேரத்னவுக்குப் போட்டார்கள். எனக்குப் பெட்டி. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் காரம் அமிர்தமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இறங்கவில்லை.

"எனக்குக் கடைச் சிங்களந்தாங்க வரும். சாமான் வாங்கலாம். புள்ள படிப்பப் பத்தி அதுல பேச முடியாது. நீங்களே சொல்லுங்க" என்றார் ரெங்கசாமி.

விஜேரத்ன ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். காமாட்சி நன்றாகப் படிக்கிறாள். சபை இப்படி முடிவு செய்திருக்கிறது. குடியுரிமை இல்லாததால் அவள் பெயரைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. சொல்லி முடித்ததும், அந்த முடிவை நானே எடுத்ததுபோல அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். சொல்வது யாரோ, அவருடைய வாயைத்தானே பார்ப்பார்கள்.

 வீராயிதான் பேசினார்.

"அம்மா, நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

"திருச்சியில காலேஜுல."

"இந்த மிஸ்ஸு மாதிரியே பெரிய வேலையா?"

"ஆமா."

"எங்க மாமனாரு துறையூரு. எங்கள இந்தியாக்காரங்கன்னுதான் இங்க சொல்றாங்க. அப்ப நீங்க உங்க காலேஜுல எடுத்துக்குவீங்களா? கடைசிப் பரீட்சை மட்டுந்தான பாக்கி."

 எங்கள் சேர்க்கை விதிகள் எனக்கு மனப்பாடம். இந்தியப் பிரஜை என்பதற்குச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் கடவுச்சீட்டு வேண்டும். இரண்டும் இல்லாத பெண்ணின் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால் நான் என்ன எழுதுவேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"கேட்டுப் பாக்குறேம்மா" என்றேன்.

வீராயி தலையை ஆட்டினார். "கேட்டுப் பாக்குறேன்னா இல்லன்னு அர்த்தங்க. பரவால்ல."

"என்ன சொன்னார்?" என்று விஜேரத்ன கேட்டார். நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். என் பதிலையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பழிவாங்கும் குறும்பு கொஞ்சமும் இல்லை. அதனால்தான் அதைத் தாங்க முடியவில்லை. முந்திய நாள் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் கோபப்பட்டவள் நான்தான்.

அந்த நேரம் காமாட்சி பீலிக் குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். இருபது வயதுக்குள் இருக்கும். அம்மா திருச்சியைப் பற்றிக் கேட்டது வாசல்வரை கேட்டிருக்கும்; எங்களைப் பார்த்ததும் விஷயம் என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தெளிவான ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மிஸ், என் பெயர் போகவில்லையா?"

"இன்னும் எந்தப் பெயரும் போகவில்லை, காமாட்சி."

"கையெழுத்துப் போடுவது சபையா, நீங்களா?"

"நான்தான்."

அவள் குரலை உயர்த்தாமலே அப்பா பக்கம் திரும்பி, "திருச்சிக்கெல்லாம் நான் போகலப்பா. எனக்கு அந்த ஊரே தெரியாது. படிச்சது கண்டியில. கண்டியிலதான் எழுதணும்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது.  அட்டன் வரை நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி போய்விட்டது என்று நினைத்தேன். கடைத்தெருவுக்கு வந்ததும் விஜேரத்ன தபால் நிலையம் எங்கே என்று விசாரித்து, அங்கே காரை நிறுத்தச் சொன்னார்.

கண்டிக்கு ட்ரங்க் கால் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. சபைத் தலைவரோடு பேசினார். முழுக்கச் சிங்களம். அதுவரை எல்லோருக்கும் மொழிபெயர்த்தவள், இப்போது ஒரு சொல்லும் புரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையை மட்டும் பார்த்தேன். முதலில் தொலைபேசிக் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்த விரல்கள் ஒரு கட்டத்தில் நின்றன. குரல் தாழ்ந்தது. அந்தப் பக்கத்துக் குரல் நீட்டி முழக்கிக்கொண்டே போவது எனக்கே கேட்டது. அது முடியுமுன் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கைப்பையிலிருந்து நீளமான உறையை எடுத்தார். உள்ளே இருந்த தேர்வுப் பெயர்ப் பட்டியலில் கடைசியாகக் காமாட்சியின் பெயரை எழுதி, கையெழுத்திட்டு, ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தார்.

"ராஜினாமா செய் என்றார். மாட்டேன் என்றேன். வேண்டுமானால் நீக்கட்டும்" என்றார் என்னிடம்.  "எங்காவது சாப்பிடலாமா? அந்த வீட்டில் நான் எதையும் தொடவில்லை."

ஒரு சைவக் கடையில் தோசை சாப்பிட்டோம். சாம்பார் எங்கள் ஊர்ப் பக்குவத்தில் இருந்தது. இருவரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் மேலாளர் வாசலிலேயே காத்திருந்தார். பொலிஸ் நிலையத்திலிருந்து ஆள் வந்து போனதாம். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அம்மாள் காலையில் கடவுச்சீட்டோடு வர வேண்டுமாம். நானா சொன்னது நடந்துவிட்டது. படுத்தும் தூக்கம் வரவில்லை. திருச்சிக் கல்லூரியின் புது டீனை இலங்கைப் பொலிஸ் பிடித்தது என்று பத்திரிகையில் வந்தால் எங்கள் முதல்வர் எந்த நாற்காலியில் என்னை உட்கார வைப்பார் என்று யோசித்தேன்.

காலையில் நான் சேலை கட்டி முடிப்பதற்குள் விஜேரத்ன தயாராகி நின்றார். "வேண்டாம், உங்களுக்கு இருக்கும் தொல்லை போதும்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அதிகாரி மரியாதையானவர். நாற்காலி கொடுத்தார். கடவுச்சீட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"கல்வி முகாமுக்கு என்று வந்திருக்கிறீர்கள். தொழிலாளர் வீட்டில் உங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு மாணவியின் படிப்பைப் பற்றிப் பேசப் போனோம்."

"உங்கள் மாணவியா?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.  விஜேரத்ன குறுக்கிட்டார்.

"என் மாணவி. எனக்குத் தமிழ் தெரியாது. இவர் எனக்காக மொழிபெயர்க்க வந்தார். தவறு இருந்தால் அது என்னுடையது. நான் இந்த நாட்டுப் பிரஜை. என்னைக் கேளுங்கள்."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.  கடைசியில் கடவுச்சீட்டை என் பக்கம் நகர்த்தினார். "நாளை ரயிலில் புறப்படுவது நல்லது. இது உத்தரவு இல்லை. ஆலோசனை."

எனக்கு முகாம் பாதியில் முடிந்தது. பெல் அம்மையாரிடம் போய்ச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். "பேசிப் பழகுவதற்காகத்தான் அந்தப் பயிற்சியை வைத்தேன். நீங்கள் அதை வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இதற்கு மேல் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை" என்றார். பாராட்டா, வருத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வழிக்கு வைத்துக்கொள்ளச் சமையற்காரரிடம் சொல்லி ரொட்டித் துண்டுகள் கட்டித்தரச் செய்தார்.

அன்று மாலை கண்டியிலிருந்து விஜேரத்னவுக்குத் தந்தி வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். சபை கூடியிருந்தது. போன பெயர்களைத் திரும்பப் பெற்றால் ஊர் பேசும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கல்லூரி திறந்ததும் தொடங்கும் அடுத்த தவணையிலிருந்து அவர் டீன் இல்லை. விருப்பம் இருந்தால், முன்பு பாடம் நடத்திய தாவரவியல் துறைக்குத் திரும்பலாம்.

"வருத்தமா?" என்று கேட்டேன்.

"இரண்டு நாளாக நீங்கள் கேட்ட கேள்விகளில் இது ஒன்றுதான் சுலபம்" என்றார். "ஆம்."

அவரும் மறுநாளே கிளம்பினார். நானுஓயாவில் ஒரே ரயிலில் ஏறினோம். மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் ரயில், வேகம் கிடையாது. ஒவ்வொரு நிலையத்திலும் கொய்யாப்பழம், கடலை, அவித்த சோளம். இருவருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அட்டனில் வண்டி நின்றபோது மேடையில் காமாட்சி நின்றாள். பக்கத்தில் பெற்றோர். கல்லூரி திறக்கிறது, கண்டிக்குப் போகிறாள். பெயர் போய்விட்டது என்று விஜேரத்ன முந்திய நாளே தந்தி கொடுத்திருந்தார். எங்களைக் கண்டதும் வீராயி சனங்களை விலக்கிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா, மிஸ்ஸுகிட்ட ஒண்ணு கேளுங்க. எங்க புள்ளையால அவங்களுக்கு எதுவும் தொந்தரவு வந்துச்சா? இவரு ராத்திரியெல்லாம் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். விஜேரத்ன யோசிக்கவே இல்லை. "ஒன்றும் வரவில்லை என்று சொல்லுங்கள். சபை சந்தோஷமாக ஒத்துக்கொண்டது என்று சொல்லுங்கள்."

காமாட்சி அம்மாவுக்குப் பின்னால் நின்று அந்த ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கணம் நான் தடுமாறினேன். பொய்யை மொழிபெயர்ப்பது இதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் வரலம்மா. சபைக்காரங்க சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்களாம்."

"அப்ப நல்லவங்கதான். நாங்கதான் கண்டதையும் நெனச்சுட்டோம்" என்றார் வீராயி. பின்னால் நின்ற ரெங்கசாமி தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். காமாட்சி விஜேரத்னவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் ஊதியது. அவள் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு ஓடினாள்.

அடுத்த நிலையம் ஒன்றில் வண்டி நின்றபோது எங்கள் பெட்டியின் கதவருகே வந்து நின்றாள்.

"மிஸ், தாவரவியலில் எங்களுக்குக் கடைசிப் பகுதி முடியவே இல்லை. தேர்வுக்கு முன்னால் நடத்த இனி உங்களுக்கு நேரம் இருக்கும், இல்லையா?"

அவர் இனி டீன் இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. 

"இருக்கும்" என்றார் விஜேரத்ன. "நிறைய இருக்கும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா."

அவள் பெட்டியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தபோது வித்தியாசக் கட்டணத்தை விஜேரத்ன தலை நிமிராமல் நீட்டினார். நான் ஜன்னலோரத்துக்கு நகர்ந்து இடம் விட்டேன். சுரங்கப்பாதைகளில் இருட்டும்போது மட்டும் பாடம் நின்றது. வெளிச்சம் வந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தது. அவர்கள் இருவரும் கண்டிக்கு வண்டி மாறப் பேராதனையில் இறங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.